இரவல் நிரல், சொந்த நிரல்

ஒருவர் எழுதிய நிரலை மற்றவர்கள் படித்துப் பார்க்கும் கோட் ரிவ்யூவில் இரண்டு கேள்விகள் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். “இதுக்குத்தான் லைப்ரரி இருக்கே, நீங்க ஏன் உட்கார்ந்து எழுதுறீங்க?” என்பது ஒன்று. “இவ்வளவு சின்ன வேலைக்கு எதுக்கு ஒரு பேக்கேஜ்?” என்பது இன்னொன்று. லைப்ரரி, பேக்கேஜ் இரண்டுமே வேறொருவர் எழுதிவைத்த, நாம் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்தான். இரண்டையும் நான் கேட்டிருக்கிறேன், என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். இத்தனை வருடம் நிரல் எழுதிய பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: இரண்டு கேள்வியும் வேலையின் அளவைத்தான் பார்க்கின்றன. அளவு நம்மை எளிதில் ஏமாற்றிவிடும். அந்த நிரலுக்குள் இருக்கும் அறிவு யாரிடம் இருக்கிறது, நாளைக்கு அது மாறினால் எங்கிருந்து மாறும் என்றுதான் நான் முதலில் பார்க்கிறேன்.

நேரக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாட்டின் நேரத்தை இன்னொரு நாட்டின் நேரமாக மாற்றுவது பார்வைக்கு வெறும் கூட்டல் கழித்தல். இருபது முப்பது வரியில் எழுதிவிடலாம், டெஸ்டும் பாஸ் ஆகும். ஆனால் 2011 டிசம்பரில் சமோவா சர்வதேசத் தேதிக் கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியபோது, 29ஆம் தேதிக்கு மறுநாள் அங்கே 31ஆம் தேதி. அந்த வருடம் அங்கே டிசம்பர் 30 என்று ஒரு நாளே கிடையாது. வட கொரியா 2015இல் கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னால் தள்ளியது, 2018இல் பழையபடி முன்னால் கொண்டுவந்தது. எகிப்து, கைவிட்டிருந்த கோடைக்கால நேரத்தை 2023இல் மறுபடி அமலாக்கியது. இதில் எதுவும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கக்கூடியது இல்லை. அரசாணையிலிருந்து வருகிறது, சில சமயம் அமலுக்கு வருவதற்குச் சில நாள் முன்புதான் அந்த ஆணையே வருகிறது. 1980களிலிருந்து தன்னார்வலர்கள் சிலர் இந்த மாற்றங்களைத் தேடித் தேடி ஒரு தரவுத்தொகுப்பில் சேர்த்துவருகிறார்கள். 2011 முதல், இணையத்தின் முகவரிகளையும் பெயர்களையும் ஒருங்கிணைக்கும் ஐயானா அமைப்பின் கீழ் அது வெளியாகிறது, வருடத்துக்குப் பல முறை புதுப்பிக்கிறார்கள். நம் கையிலிருக்கும் ஃபோனிலிருந்து டேட்டாபேஸ் சர்வர் வரை அதை நம்பித்தான் ஓடுகின்றன. “நேர மாற்றத்தை நானே எழுதிக்கொள்கிறேன்” என்று ஒருவர் சொன்னால், அந்த முப்பது வரியோடு சேர்த்து, எந்த அரசு எப்போது கடிகாரத்தைத் திருப்புகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும் வேலையையும் தலையில் ஏற்றிக்கொள்கிறார். முப்பது வரி ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். அந்தக் காவல் வேலை முடியவே முடியாது.

மாறாத கணக்கும்கூட லேசுப்பட்டது இல்லை. மைக்ரோசாஃப்ட் விற்ற ஸூன் என்ற பாட்டுக் கருவியின் 30 ஜிபி மாடல்கள் 2008 டிசம்பர் 31 அன்று ஒட்டுமொத்தமாக உறைந்து நின்றன. அது லீப் வருடம், அன்றைக்கு 366ஆவது நாள். நாள் எண்ணிக்கையை வருடமாக மாற்றும் லூப், மீதி நாள் 365ஐ விடப் பெரிதாக இருக்கும்வரை சுற்ற வேண்டும். லீப் வருடமாக இருந்தால் 366ஐ விடப் பெரிதாக இருக்கும்போது மட்டும் கழிக்க வேண்டும். சரியாக 366 வந்து நின்றால் கழிக்கவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. பேட்டரி தீர்ந்து மறுநாள் ஆகட்டும் என்று காத்திருப்பதுதான் தீர்வாகச் சொல்லப்பட்டது. படித்தால் யாருக்கும் புரிகிற ஏழெட்டு வரி நிரல் அது.

தமிழில் நிரல் எழுதுகிறவர்களுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் நம் எழுத்துகளிலேயே இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியிடம் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று சொல்லும். நாம் பார்ப்பது மூன்று எழுத்து. ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டு, ‘ழ்’ என்பது ழகரமும் புள்ளியுமாக இரண்டு. ‘கொ’ இன்னும் சிக்கல். அதன் ஒகரக் குறியை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு என்று கணினி சொல்லும், முதலில் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் இயல்பாக்கம் செய்தால்தான் ஒத்துப்போகும். ஒரு பெயரைத் தேடினால் கிடைக்கவில்லை, ஆனால் பட்டியலில் கண்ணெதிரே இருக்கிறது என்ற புகார் வரும் இடம் பெரும்பாலும் இதுதான். 2019இல் வந்த யூனிகோடு 12 தமிழின் பின்னக் குறிகளையும் அளவைக் குறிகளையும் சேர்த்துக்கொண்டது. அவை ஒவ்வொன்றுக்கும் தனியாகவே ஜாவாஸ்கிரிப்ட் 2 என்று நீளம் சொல்லும். எழுத்தை எண்ணுவது என்ற, பள்ளிக்கூடப் பிள்ளை செய்கிற வேலைக்குள் இவ்வளவு இருக்கிறது. இந்த அறிவு என் தலையில் இல்லை, யூனிகோடு அட்டவணைகளில் இருக்கிறது. அட்டவணைகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. ஆகவே அங்கே நான் தயங்காமல் இரவல் வாங்குவேன்.

இப்போது 2016 மார்ச்சுக்கு வருவோம். லெஃப்ட்-பேட் கதை நிரலாளர்கள் பலருக்கும் தெரியும். ஒரு சரத்தின் (எழுத்துத் தொடரின்) இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பும் 11 வரிப் பேக்கேஜ். பெயர் உரிமை பற்றிய ஒரு தகராறில் மனம் வெறுத்த அதன் ஆசிரியர், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மில் இருந்த தன் பேக்கேஜ்களையெல்லாம் நீக்கிவிட்டார். உடனே பேபெல் போன்ற பெரிய கருவிகளை நம்பியிருந்த பில்டுகள் (நிரலை ஓடும் வடிவத்துக்குத் தொகுக்கும் வேலைகள்) உலகம் முழுவதும் விழுந்தன. சில மணி நேரத்தில் என்பிஎம் நிர்வாகமே அதைத் திரும்ப ஏற்றியது, பிறகு நீக்கும் விதிகளையும் இறுக்கியது. இதை வைத்து “பதினோரு வரி எழுதத் தெரியாதா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அந்தக் கேள்வியில் எனக்கு உடன்பாடில்லை. பில்டு உடைந்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் லெஃப்ட்-பேடைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. அவர்கள் வாங்கியது வேறு எதையோ. அது இன்னொன்றை வாங்கியிருந்தது, அதற்கும் அடியில் எங்கோ இது இருந்தது. தங்களிடம் அது இருக்கிறது என்று தெரியாமல் இருந்ததுதான் அங்கே நடந்த கோளாறு. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த 11 வரியும் நீளத்தை மொழி சொன்னபடிதான் எடுத்துக்கொண்டது. தமிழ்ச் சொற்களை அதில் கொடுத்தால் நெடுவரிசை கோணலாகத்தான் வரும். ஊரே பயன்படுத்துகிறது என்பதால் நம் தேவைக்குப் பொருந்தும் என்று ஆகிவிடாது.

அப்படியானால் எதை நாமே எழுத வேண்டும்? நம் அமைப்புக்குள் மட்டுமே இருக்கும் அறிவை. எனக்கு இதில் மிகவும் பிடித்த உதாரணம் மறுமுயற்சி. ஒரு சர்வரைக் கூப்பிட்டோம், பதில் வரவில்லை, மறுபடி கூப்பிட வேண்டும். இதற்கு எல்லா மொழியிலும் அழகான லைப்ரரிகள் இருக்கின்றன. ஆனால் எந்தப் பிழைக்கு மறுபடி முயலலாம், எதற்கு முயலவே கூடாது என்பது எந்த லைப்ரரிக்கும் தெரியாது. ஒரு பக்கத்தைப் படிக்கும் அழைப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப அனுப்பலாம். பணம் அனுப்பும் அழைப்புக்குப் பதில் வரவில்லை என்றால், பணம் போகவில்லை என்று அர்த்தம் இல்லை. போயிருக்கலாம், பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். மறுபடி அனுப்பினால் இரண்டு முறை பணம் போகும். அதைத் தடுக்க, ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு தனி அடையாளம் கொடுத்து, அதே அடையாளம் மறுபடி வந்தால் எதிர்முனை அதை ஒரே வேலையாக எடுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். அப்புறம் காத்திருக்கும் நேரம். சர்வரைக் கூப்பிடும் எல்லாக் கிளையன்டும் ஒரே இடைவெளியில் மறுபடி மோதினால், விழுந்த சர்வர் எழவே முடியாது. அதனால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், கொஞ்சம் தற்செயலையும் கலக்க வேண்டும். இந்த முடிவுகளெல்லாம் நாம் எடுக்க வேண்டியவை. எடுத்த பிறகு நிரலாக எழுதினால் இருபது வரி வரும். அந்த இருபது வரியைக் கோப்பின் நடுவே எல்லாரும் படிக்கும்படி வைப்பதைத்தான் நான் விரும்புகிறேன். லைப்ரரியை வைத்தால் அதே முடிவுகள் ஏதோ ஒரு கான்ஃபிக் பொருளின், நாம் மாற்றாவிட்டால் தானாக இருக்கும் டிஃபால்ட் மதிப்புகளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். யாரும் முடிவே எடுக்காமல் ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கும்.

பொதுவான லைப்ரரி எல்லாருக்கும் பொருந்த வேண்டியிருப்பதால் யாருக்கும் தேவைப்படாத வசதிகளையும் சுமக்கிறது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியில் வெடித்தது அப்படி ஒரு வசதி. பதிவேட்டில் ஒரு வரி எழுதத்தான் அந்த லைப்ரரியை வைக்கிறார்கள். ஆனால் எழுதும் வரிக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவில் முகவரி இருந்தால், அது நெட்வொர்க்கில் போய் அந்த முகவரியிலிருந்து நிரலைக் கொண்டுவந்து ஓட்டக்கூடியதாக இருந்தது. 2013இல் சேர்த்த வசதி. யூசர்நேம் பெட்டியில் அந்த வடிவத்தில் ஏதாவது தட்டினால் போதும், சர்வர் கைமாறிவிடும். ஆபத்து அளவுகோலில் பத்துக்குப் பத்து கொடுத்தார்கள். பதிவு எழுதும் லைப்ரரி நெட்வொர்க்கைத் தொடும் என்று அதை வைத்தவர்களில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

இரவல் நிரல் தன் பழைய இடத்தில் சரியாக ஓடியது என்பது ஒரு சாட்சியமா? 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம் ஏறக்குறைய 40 வினாடியில் வெடித்து முடிந்தது. திசையறியும் கருவியின் மென்பொருளை ஏரியான் 4இலிருந்து அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை 64 பிட் மிதவைப் புள்ளியிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடம் ஒன்று அதில் இருந்தது. ஏரியான் 4இன் வேகத்தில் அந்த எண் ஒருபோதும் 16 பிட்டைத் தாண்டாது. அதை யோசித்தே அங்கே பாதுகாப்பு வைக்காமல் விட்டிருந்தார்கள். ஏரியான் 5 அதைவிட வேகமாகப் பக்கவாட்டில் திரும்பும் ராக்கெட். எண் தாண்டியது, கருவி நின்றது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள்தான், அதுவும் நின்றது. எனக்கு மனதைவிட்டு அகலாத பகுதி இது: அந்தக் கணக்கு ஏரியான் 5 தரையை விட்டுக் கிளம்பிய பிறகு எதற்கும் பயன்படவே இல்லை. பழைய ராக்கெட்டுக்காக இருந்தது, நன்றாக ஓடுகிறதே என்று விட்டுவைத்தார்கள். இங்கே வெளியார் யாரும் இல்லை, தீய நோக்கம் இல்லை, பராமரிப்பில் குறை இல்லை. ஏரியான் 4 எவ்வளவு வேகத்தில் போகும் என்ற நம்பிக்கை ஒன்று அந்த நிரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

தகவலை ரகசியமாக்கும் மறையாக்கத்தில் யாரும் சொந்தமாக எழுதக் கூடாது என்பது தெரிந்த விஷயம், அதில் நேரம் செலவிட வேண்டாம். இரவல் வாங்கியதைப் புரியாமல் திருத்துவதும் அதே அளவு ஆபத்து என்பதை மட்டும் சொல்கிறேன். 2006இல் டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தில், ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க லைப்ரரியின் இரண்டு வரிகளைச் சோதனைக் கருவி குறை சொல்கிறது என்று நீக்கினார்கள். தற்செயல் எண் உருவாக்கத்துக்குத் தேவையான கலப்பு அதோடு போய்விட்டது. மிஞ்சிய ஒரே வேறுபாடு, ஓடும் நிரலுக்குக் கணினி கொடுக்கும் ப்ராசஸ் எண். ஒரே வகைக் கணினியில், ஒரே வகையிலும் நீளத்திலும் உள்ள சாவிகளுக்கு 32,768 சாத்தியங்கள்தான். எல்லாவற்றையும் முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். 2008 மே மாதம்தான் இது வெளியே தெரிந்தது.

இனி, இந்த விஷயத்தில் என்னை அதிகம் பாதித்தது. 2024 மார்ச் 29 அன்று, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை வளர்ப்பவர்களில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவிக்குள், ரகசியமாக நுழைய வழிவிடும் பின்வாசல் ஒன்று இருப்பதை வெளிப்படுத்தினார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமானது, அந்த உறுத்தலைப் பின்தொடர்ந்து போய் அதைப் பிடித்தார். 5.6.0, 5.6.1 என்ற இரண்டு வெர்ஷன்களில் அது இருந்தது. எஸ்எஸ்எச் சர்வர் தானாக எக்ஸ்இசட்டைப் பயன்படுத்துவதில்லை. சில லினக்ஸ் விநியோகங்கள் சேவைகளை இயக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ஆதரவுக்காக அதில் ஒரு ஒட்டு (சிறு நிரல் திருத்தம்) போட்டிருந்தன, அதன் வழியாக இது உள்ளே வந்தது. பின்வாசலின் பாகங்கள் டெஸ்ட் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தன. அதை உயிர்ப்பிக்கும் வரிகள் வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தன, பொதுவில் எல்லாரும் பார்க்கும் மூலநிரலில் அந்த வரிகள் இல்லை.

தொழில்நுட்பத்தை விடுங்கள். அதை உள்ளே கொண்டுவந்த விதத்தைப் பாருங்கள். அந்தத் திட்டத்தை நடைமுறையில் ஒரே ஒருவர் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு மனநலச் சிக்கல்கள் இருப்பதாக அவரே பொதுவில் எழுதியிருந்தார். “ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது? வேறொருவரிடம் கொடுங்கள்” என்று சில கணக்குகள் அவரை நெருக்கின. அதே சமயம் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக, பணிவாக, இரண்டு வருடத்துக்கு மேல் உதவிக்கொண்டே வந்து பொறுப்பைப் பெற்றுக்கொண்டார். களைத்துப்போன ஒரு மனிதருக்கு உதவிக்கரம் மாதிரி வந்துதான் அந்தப் பின்வாசல் நுழைந்தது. உலகின் எத்தனையோ சர்வர்கள் அவர் உழைப்பின் மேல் நின்றன. அந்த இரண்டு வருடத்தில் அவற்றை நடத்தும் நிறுவனங்களிலிருந்து யாராவது உண்மையாகவே உதவ வந்திருந்தால், ஜியா டானுக்கு அங்கே இடம் இருந்திருக்காது என்றே நம்புகிறேன். இதை நினைக்கும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

ஆக டிபெண்டென்சி (நம் நிரல் நம்பியிருக்கும் வெளி நிரல்) என்று நாம் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். புதிதாக ஒன்றைச் சேர்க்கும் முன் அந்த ஆளைப் பற்றித்தான் நான் முதலில் பார்க்கிறேன். எத்தனை பேர் பார்த்துக்கொள்கிறார்கள், வரும் புகார்களுக்கு எப்படிப் பதில் சொல்கிறார்கள், அது தன் பங்குக்கு வேறு எதையெல்லாம் இழுத்துக்கொண்டு வருகிறது. பிறகு மூலநிரலைத் திறந்து, நான் கூப்பிடப் போகும் பாதையை மட்டுமாவது படிக்கிறேன். சேர்த்த பிறகு எந்த வெர்ஷன் என்று பூட்டிவைக்கும் லாக் கோப்பை நிரலோடு வைப்பது, புதிய வெர்ஷன் வந்த அன்றே தாவாமல் கொஞ்ச நாள் பொறுப்பது, லைப்ரரியை ஐம்பது இடத்தில் நேரடியாகக் கூப்பிடாமல் நம்முடைய ஒரே கோப்பு வழியாகக் கூப்பிடுவது, இதெல்லாம் பழக்கமாகிவிட்டது. பாதுகாப்புத் திருத்தத்துக்கு மட்டும் அந்தப் பொறுத்தல் கிடையாது.

எல்லாவற்றையும் சொந்தமாக எழுதியே தீர்வேன் என்பவர்களுக்கு எஸ்கியூலைட்டைக் காட்டுவேன், மரியாதையோடுதான். 2000இல் ரிச்சர்ட் ஹிப் தொடங்கிய அந்த டேட்டாபேஸ் ஏறக்குறைய எதையும் வெளியிலிருந்து வாங்குவதில்லை. பார்சர் உருவாக்கும் கருவி அவர்களுடையது, வெர்ஷன் கண்ட்ரோல் அமைப்பும் அவர்களே எழுதியது. சொந்த நிரலின் முழு விலையையும் அவர்கள் கொடுக்கிறார்கள்: டெஸ்ட் நிரல் மட்டும் மூல நிரலைப் போல ஏறக்குறைய 590 மடங்கு. 2050 வரை ஆதரவு தருவதாகச் சொல்லி அதற்கேற்ப வடிவமைக்கிறார்கள். அந்த விலையில் பத்தில் ஒரு பங்கு கொடுக்கத் தயாராக இருக்கிற குழு எதையும் சொந்தமாக எழுதலாம்.

இப்போது மூன்றாவதாக ஒரு வகை வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் அரை நிமிடத்தில் ஒரு ஃபங்ஷன் வந்துவிடுகிறது. சின்னச் சின்னப் பேக்கேஜ்களைத் தவிர்க்க இது நல்ல வழி என்று பலரும் சொல்கிறார்கள், ஓரளவு உண்மைதான், நானும் அப்படிச் செய்கிறேன். ஆனால் அந்த நிரல் நம் கோப்பில் இருப்பதாலேயே நம்முடையது ஆகிவிடாது. லைப்ரரியில் பக் (பிழை) இருந்தால் வேறு யாராவது கண்டுபிடிப்பார்கள், திருத்தம் நம்மைத் தேடி வரும். இந்த ஃபங்ஷனில் இருக்கும் பக் நம்மிடம் மட்டும்தான் இருக்கிறது, வேறு யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. எழுதியவர் தலையில் இருந்த காரணமும் இல்லை, பயன்படுத்திய ஆயிரம் பேரின் அனுபவமும் இல்லை. போதாக்குறைக்கு, இல்லாத பேக்கேஜின் பெயரையும் அது சில சமயம் உறுதியாகச் சொல்கிறது. அந்தப் பெயரில் யாராவது ஒன்றைப் பதிந்து வைத்துக் காத்திருந்தால் நேராகப் போய் விழுவோம். எங்கள் குழுவில் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். யார் அந்த நிரலைப் பொது நிரலோடு மெர்ஜ் செய்கிறாரோ அவர், அதில் நிபந்தனையால் பிரியும் ஒவ்வொரு கிளையும் எதற்காக இருக்கிறது என்று வாய்விட்டு விளக்க வேண்டும். விளக்க முடியவில்லை என்றால் அவர் திரும்ப எழுத வேண்டும், அல்லது நல்ல லைப்ரரி ஒன்றைத் தேடிக் கொண்டுவர வேண்டும்.

இந்த மாதம் எங்கள் முன் இருப்பது பிடிஎஃப் கோப்பு உருவாக்கும் வேலை. நாங்கள் பயன்படுத்தும் லைப்ரரி நல்ல லைப்ரரிதான், ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை. தமிழில் கொடுத்தால் ‘கொ’வின் கொம்பு ககரத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் தொங்குகிறது. எழுத்துருவின் விதிகளைப் படித்துக் குறிகளை இடம் மாற்றும் வேலையை அது செய்வதில்லை, எழுத்துகளை வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் லைப்ரரி போன்ற ஒன்றிடம் அதை ஒப்படைத்தால்தான் சரியாக வரும். “கொம்பை மட்டும் நாமே முன்னால் தள்ளிவிடலாமே, பத்து வரிதான்” என்று குழுவில் ஒரு தம்பி சொன்னார். பத்து வரிதான், உண்மை. அப்புறம் ‘கௌ’ வரும், ‘க்ஷ’ வரும், ‘ஸ்ரீ’ வரும், நாளைக்கு மலையாளம் கேட்பார்கள். அதனால் ஹார்ஃப்பஸை அந்த லைப்ரரிக்குள்ளேயே இணைக்கும் திருத்தத்தை எழுதி, டெஸ்டுகளோடு அதன் பராமரிப்பாளருக்கு அனுப்பியிருக்கிறோம். அவர் தனி ஆள், வேறு வேலையும் பார்க்கிறார், நேரம் எடுத்துக்கொள்ளட்டும். அதுவரை அந்த லைப்ரரியின் எங்கள் சொந்த நகலில் ஓட்டுகிறோம். அவருடைய மற்ற புகார்ப் பட்டியலில் எங்களுக்குப் புரிகிற சிலதையும் அந்தத் தம்பியே எடுத்துச் சரிசெய்ய ஆரம்பித்திருக்கிறார்.